கோது

பத்தரைக்குக் கூப்பிட்டார்கள்.
அரச பகுப்பாய்வுத் திணைக்களத்து ஐயா
இரவு ரயிலில் வந்தவர்,
கசங்கிய கொலரில் ரயில் இன்னும் இறங்காமல் இருந்தது.
அவர் சிங்களத்தில் சொல்வார்,
நான் தமிழில் சொல்ல வேண்டும்,
கூட்டாமல் குறைக்காமல்.
மட்டக்களப்பு நீதிமன்றில்
பதினாறு வருடமாக இதுதான் என் சத்தியம்.

மேசையில் ஒரு பிஸ்கட் தகரம்.
வாகரைப் பக்கம்
மலசலகூடத்துக்குக் குழி வெட்டியவனின்
மண்வெட்டியில் தட்டுப்பட்டது.
உள்ளே,
ட்ராக்டர் டியூப்பில் சுற்றின கைத்துவக்கு.
மறுகா, சாறன் துண்டில் சுற்றி
இன்னொரு குழல், தனியாக,
கலியாணத்துக்குப் போகிறவன்
பையில் வைக்கிற மாற்றுச் சட்டை மாதிரி.

ஐயா சொன்னார். நான் சொன்னேன்:
கனம் நீதிபதி அவர்களே,
இதில் கிடக்கும் குழல் ஒன்பது மில்லிமீட்டர்.
மற்றதைப் போட்டால் ஏழு தசம் ஆறு ஐந்து.
உடம்பு மாறாது. விசை மாறாது.
போகிற சன்னம்தான் வேறு.

சுருக்கெழுத்து ஜெயரூபி தலை நிமிர்ந்தாள்:
"குழலா, குழாயா, அக்கா?"
குழல் என்றேன்.
கூந்தலுக்கும் அதே சொல் என்பது
அப்போதுதான் நினைவு வந்து
வாய் கூசியது.

பின் வாங்கின் ஒரு தொங்கலில் ஏறாவூர் ஐனூன் பீவி.
மகன் றிஸ்மின்
ஹார்ட்வெயார் கடையைப் பூட்டித்
திறப்பைச் சட்டைப்பையில் போடுகையில்,
ஒன்பது மில்லிமீட்டர்.
மற்றத் தொங்கலில் சித்தாண்டி தெய்வானைப்பிள்ளை.
புருஷன் புவனேந்திரன்
பதினொரு நாள் கழித்து, வயல் காவல் பரணில்,
ஏழு தசம் ஆறு ஐந்து.

இரண்டு சன்னம் என்றால் இரண்டு துவக்கு.
இரண்டு துவக்கு என்றால் இரண்டு பக்கம்.
யாரும் தாளில் எழுதாத கணக்கு,
எல்லாருக்கும் விடை ஒன்றே வந்தது.
இந்தப் பக்கம் ஒரு கடை எரிந்தது.
அந்தப் பக்கம் ஒரு பஸ்ஸுக்குக் கல் விழுந்தது.
சித்தாண்டித் தயிர்ச்சட்டி ஏறாவூருக்கு வராமல் போனது.
பதினெட்டு வருடம்.

ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.
சன்னம் குழலைத்தான் காட்டும், என்றார்.
கோதைப் பாருங்கள்.
அடியூசி கொத்தின இடம்
நடுவிலிருந்து ஒரு நூல் விலகி,
ஓரத்தில் நகம் கிள்ளின மாதிரி ஒரு பிறை.
இரண்டு கோதிலும்.
இரண்டு பொலிஸ் நிலையம், இரண்டு கடித உறை.
ஒரு கண்ணாடிக்குக் கீழே
யாரும் இதுவரை வைத்துப் பார்க்கவில்லை.

பிறகு, "ஆயுதம் ஒன்று" என்றார்.
நான் சொன்னேன்: "அதே துவக்கு."

அந்த 'அதே' அவருடையது அல்ல.
கூட்டினேன்.
சட்டத்தரணிகள் கவனிக்கவில்லை,
ஜெயரூபி தட்டச்சில் அடித்துவிட்டாள்,
பதிவேட்டில் இப்போதும் கிடக்கு.

வாங்கின் இரண்டு தொங்கலிலும்
இரண்டு முக்காடு ஒரே நேரம் திரும்பின.
பார்த்தது ஒரு மூச்சு அளவு.
பிறகு ஒருத்தி மின்விசிறியைப் பார்த்தாள்,
ஒருத்தி தன் செருப்பை.

பிடித்திருந்த கை யாருடையது
என்று அறிக்கையில் இல்லை.
எதிரிக் கூடு வெறுமை.
அடுத்த தவணை மாசி பன்னிரண்டு.

வாழைச்சேனை பஸ்ஸில்
மூன்று பேரும் ஏறினோம்.
எனக்குச் செங்கலடி. இடம் இல்லை,
கம்பியைப் பிடித்து நின்றேன்,
ஒருத்தி முன்னுக்கு, ஒருத்தி பின்னுக்கு.
வாவிப் பக்கத்து வெயில்
யன்னலுக்கு யன்னல் தாவிக்கொண்டு வந்தது.

ஏறாவூரில் ஐனூன் பீவி எழும்பினா.
பின் கதவுக்குப் போகிற வழியில் நின்று,
சீற்றின் கம்பியைப் பார்த்துக் கேட்டா:
"தயிர் இப்பயும் போடுறீங்களா?"

கொண்டக்டர் மணியில் கை வைத்திருந்தான்.

தெய்வானைப்பிள்ளை
மடியிலிருந்த பையின் முடிச்சை அவிழ்த்து,
திரும்பக் கட்டி,
"மாடெல்லாம் வித்தாச்சுகா" என்றா.